நாளொழுக்கமும் தேகாரோக்கியமும்

சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடத்தில் எண்பதுக்கு மேற் புள்ளி பெறும் மாணாக்கர் பலர் நம் வகுப்புக்களில் உளர். உண்பதற்கு முன் கைகழுவுதலால் விளையும் பயன் யாது என்று வினாவினால் அவர்கள் பிழையின்றி விடை எழுதுவர். அவர்களே இடைவேளை மணி அடித்தவுடன், விளையாட்டு மண் படிந்த கையோடு சிற்றுண்டிப் பொதியைப் பிரிப்பர். எழுதிய விடை ஒருபுறமும் செய்யும் செயல் மற்றொருபுறமுமாய் நிற்றற்குக் காரணம் மாணாக்கரது அசட்டையே என்று சொல்லி அமைதல் எளிது. ஆயினும், அக்காரணத்திற் பெரும்பாகம் கற்பிக்கும் முறையினிடத்தே உள்ளது என்பது எமது துணிபு. அதனை உபாத்தியாயர்கள் முன் வைத்து, வகுப்பிற் கையாளத்தக்க சில பாடக்குறிப்புக்களையும் உடன்தருதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை இப்பொழுது எடுத்துப் பேசுதற்கு ஓர் ஏது உண்டு. நம் பாட்டன்மார் அஞ்சிய நோய்கள் வேறு. நாம் அஞ்சவேண்டிய நோய்கள் வேறு. 1934ஆம் 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் காய்ச்சல் இலங்கையிற் பல்லாயிரவரைக் கொன்றது. 2016ஆம் ஆண்டிலே இந்நாடு மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. அந்நோய் நீங்கியது அரசினர் வீடுதோறும் மருந்து தெளித்தும், இரத்தம் சோதித்தும், ஊர் ஊராய்த் திரிந்தும் செய்த பெருமுயற்சியினாலாம். இக்காலத்து நம்மைப் பற்றி நிற்கும் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய் என்பனவற்றுக்கு அவ்வாறு வீட்டுச் சுவரில் தெளிக்கத்தக்க மருந்து யாதும் இல்லை. அவை நாம் எழும் நேரம், உண்ணும் சோறு, நடக்கும் தூரம், உறங்கும் காலம் ஆகியவற்றினூடே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவன. அவற்றை வாயிலில் மறிக்க வல்லார் இருவர். ஒருவர் தாய், மற்றவர் உபாத்தியாயர்.

யாழ்ப்பாணத்திலே உடல்நலக் கல்வி நேற்றுத் தோன்றியதன்று. 1822ஆம் ஆண்டிலே இருவர் பிறந்தனர். ஒருவர் நல்லூரிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். மற்றவர் அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாகாணத்திற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தும் தமிழ் மாணாக்கர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தும் வந்து, 1873இல் தம் நாடு மீண்டார். அவரும் அவர்தம் மாணாக்கரும் தமிழாக்கிய நூல்களுள் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலும் ஒன்று. உடம்பின் அமைப்பு, அதன் தொழில், அதனைப் பேணும் முறை ஆகிய மூன்றும் அதன்கண் உள. நாவலரவர்களோ சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்திலே நித்திய கருமவியல் என ஓரியல் வகுத்து, துயிலெழுதல், தந்தசுத்தி, ஸ்நானம், போசனம் முதலியவற்றைச் சிறுவர் வினாவும் விடையுமாக ஓதும்படி செய்தார்.

சமயத் துறையிலே இவ்விருவர் சார்பும் எதிரெதிர் நின்றமை யாவரும் அறிந்ததே. மிஷன் பாடசாலையிற் கற்றுச் சைவப் பாடசாலையிற் கற்பிக்கும் எமக்கு இருவர் வழியின் பயனும் ஒருங்கே கிட்டிற்று. நாவலர் வழி ஒழுக்கத்தைக் காலத்தோடும் முறையோடும் பிணித்தது. கிறீன் வழி அதன் காரணத்தை உடம்பினுட் காட்டிற்று. இக்காலப் பாடநூலோ காரணத்தைக் கூறிப் புள்ளியோடு நின்றுவிடுகின்றது. வீட்டுப் பெரியோர் ஒழுக்கத்தைக் கட்டளையிட்டு, ஏன் என்று வினாவும் சிறுவனை அதட்டிவிடுகின்றனர். பிரிந்து கிடக்கும் இவ்விரண்டையும் வகுப்பறையில் ஒன்றாக்குதலே வேண்டப்படுவது.

இனி, நாளின் தொடக்கமாகிய துயிலெழுதலை எடுத்துக்கொள்வோம். வைகறையில் எழுதல் நம் முன்னோர் வகுத்த விதி. அவர்கள் முன்னிரவிலேயே விளக்கணைத்துப் படுத்தவர்கள் என்பதை மறந்து, அவ்விதியின் ஒருபாதியை மாத்திரம் நாம் பிள்ளைகள்மேற் சுமத்துகின்றோம். ஆறு முதற் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றில் 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதற் பதினெட்டு வயது வரையுள்ளார்க்கு 8 முதல் 10 மணி நேரமும் நித்திரை வேண்டும் என்பது வைத்திய வல்லுநர் கொள்கை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பொருட்டுக் காலை நான்கு மணிக்கு எழுப்பப்படும் பத்து வயதுப் பிள்ளை, கணக்கின்படி முன்னிரவு ஏழு மணிக்கே உறங்கியிருத்தல் வேண்டும். அந்நேரத்தில் அப்பிள்ளை தனியார் வகுப்பு முடிந்து தந்தையின் மோட்டார்ச் சைக்கிளிற் பின்னிருந்து தூங்கி வழிந்துகொண்டிருக்கும். கற்றவை நினைவில் நிலைபெறுதற்கு நித்திரை பெருந்துணையாவது. அதனைக் குறைத்துப் பாடத்தைக் கூட்டுதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தலை ஒக்கும். காலைக் கூட்டத்திற் கொட்டாவி விடும் பிள்ளையை ஏசுமுன், நேற்று எத்தனை மணிக்கு உறங்கினாய் என்று ஒருமுறை வினாவிப் பார்க்க.

தந்தசுத்தியில் நம்மவர் காலையில் தவறுவதில்லை, இரவில்தான் தவறுகின்றனர். வாயிலுள்ள கிருமிகள் மாப்பொருளையும் சீனியையும் தின்று அமிலத்தை உண்டாக்கும். அவ்வமிலத்தைக் கழுவிப் பல்லைக் காப்பது உமிழ்நீர். உறங்கும்பொழுது உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைந்துபோம். ஆதலின், இரவு உண்டபின் பல் துலக்காது உறங்குபவன் கிருமிகளுக்கு விடியுமளவும் விருந்து வைத்தவனாகின்றான். இக்காரணத்தை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளை வீட்டிற் சென்று தாய் தந்தையரையும் துலக்கச் செய்யும். புளோரைட்டுச் சேர்ந்த பற்பசை போதும். உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும் ஆதலின் விடத்தக்கன.

கைகழுவுதலைப் பற்றி நீள உரைக்கவேண்டுவதில்லை. 1847இலே வியன்னா நகர வைத்தியசாலையில் செமல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவம் பார்க்குமுன் வைத்திய மாணாக்கர் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். தாய்மார் சாவு வெகுவாய்க் குறைந்தது. காரணத்தை அவர் காலத்தவர் ஏற்றிலர். நம் காலத்திலே, 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்பொழுது, பாடசாலை வாயில்தோறும் நீர்க்குழாயும் சவர்க்காரமும் வைத்தோம், யாவரும் கழுவினர். அச்சம் நீங்கியது, சவர்க்காரமும் நீங்கிற்று. குழாய் இன்றும் பல இடங்களில் நிற்கின்றது. அதனருகே ஒரு சவர்க்காரத்துண்டை மீட்டும் வைத்தல் பெருஞ்செலவன்று.

போசனமே இக்கட்டுரையின் நடுப்பொருள். ஏனெனில், நம் நாட்டு நோய்களுட் பல சோற்றுக் கோப்பையிலே தொடங்குகின்றன.

அரிசியைப் பற்றி வகுப்பிற் சொல்லத்தக்க மெய்வரலாறு ஒன்று உண்டு. 1890ஆம் ஆண்டையடுத்து, ஜாவாத் தீவின் பத்தேவியா நகரிலே, எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் ஆராய்ச்சிக்காகக் கோழிகள் வளர்த்தார். அக்கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழத் தொடங்கின. அத்தளர்ச்சி அந்நாட்டிற் பரவியிருந்த பெரிபெரி நோயை ஒத்திருந்தது. சின்னாட் கழிந்தபின் கோழிகள் தாமே தேறின. எய்க்மன் வியந்து வினாவியபொழுது உண்மை வெளிப்பட்டது. நோயுற்ற காலத்தில் அவற்றுக்கு வைத்தியசாலைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோறு இடப்பட்டிருந்தது. பின்வந்த சமையற்காரன், இராணுவத்தார்க்குரிய சோற்றைக் கோழிகளுக்கு இட ஒருப்படாது மறுத்துவிட்டான். அதன்மேற் கோழிகள் தவிடு நீங்காத அரிசி தின்று பிழைத்தன. வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு உண்டு என்றே எய்க்மன் முதலிற் கருதினார். அவர்க்குப்பின் அவ்வேலையை ஏற்ற கிறைன்ஸ் என்பார், நஞ்சு உளதாதல் அன்று, வேண்டுவதொன்று இலதாதலே காரணம் என்று 1901இற் கூறினார். இல்லாத பொருள் ஒன்றும் நோய் செய்யும் என்பது அக்காலத்துக்குப் புதுமை. உயிர்ச்சத்து என்னும் கருத்து இவ்வழியே பிறந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மறுத்த சமையற்காரனுக்கு யாதும் வழங்கப்பட்டிலது.

இவ்வரலாற்றைச் சொன்னபின், குத்தரிசி ஒரு பிடியும் தீட்டிய வெள்ளரிசி ஒரு பிடியும் கொணர்வித்து, பூதக்கண்ணாடியாற் பார்க்கச் செய்க. மேற்றோலாகிய தவிட்டிலே தயமின் என்னும் உயிர்ச்சத்தும் நார்ச்சத்தும் இருத்தலை அப்பொழுது கூறுக. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தும் நம் புழுங்கல் முறையினால், தவிட்டுச் சத்தின் ஒருபங்கு அரிசியின் உள்ளே புகுந்துவிடும். தீட்டினாலும் முழுதும் போகாது. கஞ்சியை வடித்து வீசுவதனால் நீரிற் கரையும் சத்து வீணாகும் என்பதையும் உடன்கூறலாம். வீட்டுக் கிழவியர் காரணம் அறியாது காத்துவந்த ஒழுக்கம் இது. நகரத்துக் கடையில் வெண்மை கண்டு மயங்கி நாமே அதனைக் கைவிட்டோம்.

பெரிபெரி இன்று அருகிவிட்டது. ஆயின், தீட்டிய அரிசி விரைவிற் சீனியாய் மாறி இரத்தத்திற் கலத்தலினால் நீரிழிவுக்கு அது துணைபோகின்றது. சிவப்பரிசியாயினும் கோப்பை நிறையக் குவித்து உண்டாற் குணம் செய்யாது. மரக்கறியும் கீரையும் பழமும் நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும். நம் கோப்பையிலே சோறு மலைபோலவும் கீரை அதன் அடிவாரத்துப் புல்போலவும் கிடக்கின்றன. இன்னுஞ் சிறிது போடட்டுமா என்று மும்முறை வினாவுதல் நம் விருந்தோம்பல். மும்முறையும் சோற்றுக்குப் பதிலாகக் கீரையை நீட்டினால் அவ்வுபசாரத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

இவ்விடத்து நம்மவர்க்கு உறைக்குமாறு ஒன்று சொல்லவேண்டும். புலால் மறுத்தல் அறத்தாற் சிறந்தது. அதிற் சிறிதும் ஐயமில்லை. அதனைக் கொண்டு, மரக்கறி உண்பார்க்கு நோய் வாராது என்று மேடையிற் கூறுதல் பொருந்தாது. வடையும் முறுக்கும் பாயசமும் சீனித் தேநீரும் மரக்கறி உணவே. நீரிழிவு அவற்றையும் அறியும். அன்றியும், சைவ போசனத்தார் கருத்தாய் நோக்கவேண்டிய குறைகள் இரண்டு உள. ஒன்று பீ பன்னிரண்டு என்னும் உயிர்ச்சத்து. இது தாவர உணவிற் போதிய அளவு கிடையாது. குறைந்தால் இரத்தமும் நரம்பும் கெடும். பாலும் தயிரும் மோரும் நாள்தோறும் சேர்ப்பின் பெரும்பாலும் குறை வாராது. பாலையும் விட்டவர் வைத்தியர் சொற்படி குளிசை கொள்ளல் வேண்டும். மற்றொன்று இரும்புச்சத்து. பருவமெய்திய மாணவியர் வெளிறிய முகமும் சோர்வும் உடையராய் வகுப்பில் இருத்தலைக் காணாத உபாத்தியாயர் இலர். சோம்பல் என்று நாம் பெயரிடுவது சிலபோது இரத்தச்சோகையாய் இருக்கும். பயறு, கௌபி, கீரை வகைகளில் இரும்பு உண்டாயினும் அது உடம்பிற் சேர்வது அரிது. தேசிக்காய்ப் புளி, நெல்லி, கொய்யா ஆகியவற்றோடு உண்டால் மிகுதியாய்ச் சேரும். உணவோடு தேநீர் பருகினால் மிகக் குறைவாய்ச் சேரும். ஆகவே, வறைக்குத் தேசிக்காய் பிழிதல் சுவைக்கு மாத்திரம் அன்று; தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வைத்தல் பணச்செலவில்லாத மருந்து. வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் வெறுவயிற்றோடு வரும் வளரும் பிள்ளைகளின் பெற்றோரோடு உபாத்தியாயர் தனித்துப் பேசுதல் நன்று. பாலும் பழமும் கொள்ளுதல் விரதத்துக்குப் புறம்பன்று என்று நாமே எடுத்துரைத்தால் அவர் கேட்பர்.

சீனியின் பாடத்தைக் கணித பாடவேளையிலே நடத்துக. வெறும் போத்தல் ஒன்றைக் கொணர்வித்து, நூறு மில்லிலீற்றரில் இத்தனை கிராம் சீனி என்று எழுதியிருப்பதை வாசிக்கச் செய்க. பத்துக் கிராம் என்று இருந்தால், 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம்; தேக்கரண்டிக்கு 4 கிராமாகப் பத்துக் கரண்டி. அப்பத்துக் கரண்டியையும் கண்ணாடிக் குவளையிற் பிள்ளையின் கையாலேயே அள்ளி இடுவிக்க. வளர்ந்தோர்க்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம் எனப்படுகின்றது. 2016ஆம் ஆண்டு தொடங்கி இலங்கையில் மென்பானப் போத்தல்களிற் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறக்குறி இடும் விதி வந்தது. அக்குறியை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது அலங்காரமே. உப்பும் அவ்வாறே: நாளொன்றுக்கு 5 கிராமுக்கு, அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உட்பட வேண்டும். ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், பொதியிலடைத்த பொரியல் என்பன அவ்வளவை அறியாமலே விழுங்கிவிடும்.

குடிநீரைப்பற்றி நம் குடாநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியே ஒரு பாடம் வேண்டும். ஆறில்லாத யாழ்ப்பாணம் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புக்களிற் றேங்கும் மழைநீரை நம்பி வாழ்வது. நிலத்தின்மேல் இட்டது எதுவும் அவ்வெடிப்பின் வழியே விரைவிற் கிணற்றைச் சேரும். மலக்குழியிலிருந்து வரும் கிருமி கொதித்த நீரில் மடியும். தோட்டத்துக்கு அளவின்றி இட்ட உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று என்னும் உப்போ கொதிக்க வைத்தாற் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படின், போத்தற் பால் உண்ணும் பச்சிளங் குழந்தைக்கு அது பெருந்தீங்கு. கொதித்தாறிய நீர் குடி என்னும் நம் பழைய பாடம் மெய்யே. முழு மெய் அன்று. கிணற்று நீரைச் சோதிப்பித்தலும் தோட்டத்து உரத்தை அளந்து இடுதலும் அப்பாடத்தின் மறுபாதி.

உடற்பயிற்சியைக் குறித்துச் சில சொற்கள். பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரமும், வளர்ந்தோர்க்குக் கிழமைக்கு 150 நிமிடமும் உடம்பு வியர்க்கும் அசைவு வேண்டும். துவிச்சக்கரவண்டி நம் ஊரின் வாகனமாய் இருந்தது. பின்னர் மோட்டார்ச் சைக்கிள் அதனைத் தாழ்வாரத்துக்கு ஓட்டிற்று. 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாதபோது மறுபடியும் தூசிதட்டி எடுத்தோம். எரிபொருள் வந்ததும் மறுபடியும் சாத்திவைத்தோம். பாடசாலையிலோ, பரீட்சை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்குக் கடனாய்ப் போகின்றது. அக்கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டதை யாம் கண்டிலேம்.

வெற்றிலை பாக்கைப் பற்றிப் பேசாது விடுதற்கு மனம் ஒருப்படவில்லை. பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் வரையறுத்தது. புகையிலை சேராவிடினும் தீங்கே. இலங்கை ஆடவரைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்பது. மங்கல காரியங்களிலே தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்தல் நம் மரபு; அதனை அகற்றச் சொல்வார் இலர். தட்டத்தைத் தொட்டு உபசாரத்தை ஏற்றலே மரபு முற்றுப்பெறுதற்குப் போதும். மென்றுதான் தீரவேண்டும் என்று எவ்விதியும் இல்லை. கன்னத்தில் அடக்கியபடியே வகுப்புக்குட் புகும் உபாத்தியாயர் இப்பாடத்தை நடத்துதல் இயலாது. அவர் அப்பாடவேளையை வேறொருவர்க்கு விட்டுக்கொடுப்பாராக. அல்லது பாக்கை விட்டுக்கொடுப்பாராக.

இத்தனையும் ஒரே தவணையிற் புகுத்த முயல்வார் ஒன்றையும் நிலைநாட்டார். தவணைக்கு ஒரு பழக்கமே போதும். முதலாந் தவணைக்குக் கைகழுவுதல், இரண்டாவதற்கு இரவு பல் துலக்குதல், மூன்றாவதற்கு நேரத்தோடு உறங்குதல் என்று கொள்ளலாம். தவணையின் முதற்கிழமையில் அப்பழக்கத்தின் காரணத்தைக் கண்ணாற் காணத்தக்க ஒரு சோதனையோடு விளக்குக. பின்னர்க் காரணத்தை மீட்டும் மீட்டும் சொல்லற்க. நேரத்தையும் இடத்தையும் மாத்திரம் பிணித்து வைக்க. இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னரே வகுப்பை விட்டு, குழாயடிக்கு வரிசையாய்ச் செல்லுவித்தல் போன்ற ஏற்பாடே பழக்கமாய் நிற்கும். வகுப்புச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பிள்ளைகள் தத்தமக்குத் தாமே நாள்தோறும் குறியிடச் செய்க. அக்குறிக்குப் புள்ளி வழங்கற்க; வழங்கினாற் பிள்ளை கைகழுவாமலே குறியிடப் பழகும். உபாத்தியாயரின் பெயரையும் அத்தாளின் கடைசி வரியில் எழுதி, அவரும் அவர்களோடு குறியிடுவாராக.